பிழை எண் இல்லாத திருத்தம்

ஊர்க் குடிநீர்க் குழுக்கள் பம்பு ஓட்டவும் குளோரின் அளவு பார்க்கவும் ஒரு திறமூல மென்பொருள் இருந்தது. அதன் கையேட்டுக்குப் பொறுப்பு, பராகுவேயின் என்கார்னாசியோன் நகரத்து கிரிசெல்டா ஒவெலார். பகலில் மருந்துக் கடை வேலை. மாலையில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே கையேட்டைப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். ஒருநாள் யாரோ நல்லெண்ணத்தில் குளோரின் அளவில் தசமப் புள்ளியை நகர்த்திவிட்டார். ஏன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சரியான அளவை உறுதிசெய்ய நான்கு நாள் ஆயிற்று. அன்றே கிரிசெல்டா விதி போட்டாள்: பிழைப் பதிவு செய்து எண் வாங்காமல் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. எண் இல்லாத திருத்தங்களைக் கணினியே திருப்பி அனுப்பியது. திருத்த வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒழுங்கு வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் யூத்தி என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து எலிகியோ கபானியாஸ் என்ற பம்பு ஆபரேட்டர் போன் செய்தார். அங்கே மரியாதைக்குப் பெண்களைத் தோன்யா என்றும் ஆண்களைத் தோன் என்றும் அழைப்பார்கள்.

"தோன்யா கிரிசெல்டா, நீங்க கையேடு நடத்துறீங்களா, பத்திர ஆபீஸ் நடத்துறீங்களா? மூணு தடவை அனுப்பிட்டேன். மூணு தடவையும் எண் எங்கேன்னு திருப்பி அனுப்புது."

"படிவத்தை நிரப்பினா எண் வந்துடுமே, தோன் எலிகியோ."

"பதினாலு கட்டம் இருக்கு அதுல. என் கையெல்லாம் கிரீஸ். எந்தப் பதிப்புன்னு கேக்குது. என் பம்பு சிவப்பு, அதுதான் எனக்குத் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, என்னதான் திருத்தம்?"

"கரண்ட் போய் வந்தா வால்வை மூடிட்டு மோட்டாரைப் போடணும். உங்க புஸ்தகம் தலைகீழா சொல்லுது. பக்கத்து ஊர்ல அதைப் படிச்சுப் போட்டு மோட்டார் எரிஞ்சுபோச்சு. அஞ்சு நாளா ஜனங்க ஓடையில தண்ணி எடுக்குறாங்க."

சிரிப்பு நின்றது. போனை வைத்ததும், திருப்பி அனுப்பப்பட்டவற்றை முதன்முறையாகத் திறந்து பார்த்தாள். அறுபத்தொன்று. பெரும்பாலும் எழுத்துப் பிழைகள். ஆனால் ஏழு, எலிகியோ சொன்னதைப் போல ஆபத்தான செய்முறைத் தவறுகளைப் பற்றியவை.

கையேட்டுக் குழுவின் சனிக்கிழமைக் கூட்டத்தில் நிரலாளன் ரோலாண்டோ சொன்னான்: "விதியையே தூக்கிடு. சனியன் விட்டது."

"புள்ளி நகர்ந்தது மறந்துபோச்சா?" என்றாள் கிரிசெல்டா. " எண் இருக்கும். ஆனா அதை எலிகியோ வாங்க வேண்டாம், நாம வாங்குவோம். எழுத்துப் பிழை, நடை இதெல்லாம் யார் வேணும்னாலும் நேரா திருத்தட்டும். அளவோ, செய்முறையோ மாறினா மட்டும் பதிவு. அனுப்புறவர்கிட்ட ரெண்டே கேள்வி: என்ன பாத்தீங்க, எங்கே பாத்தீங்க?"

"நமக்கு வேலை கூடுமே."

"கூடட்டும். அவர் பம்பை விட்டுட்டு நம்ம படிவத்தைப் படிக்கணுமா?"

எலிகியோவின் திருத்தத்துக்கு அவளே எண் போட்டாள். ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு உறுதிசெய்து, திங்களன்று பக்கத்தை மாற்றினாள்.

அடுத்த மாதம், கையேட்டில் வடிகட்டியைக் கழுவும் பகுதியே வீண் என்று எலிகியோ எழுதினார். காரணம் எழுதி மறுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு நாள் பதிவிலேயே வாதம் நடந்தது. மற்ற ஊர் ஆபரேட்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பகுதி அப்படியே நின்றது. மணல் குறைந்த கிணறுகளுக்கு மட்டும், அடிக்கடி கழுவத் தேவையில்லை என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியை எழுதியவர் எலிகியோ.