கயிறு அவிழாத கப்பல்

குன்னூரில் காலையில் கரண்ட் போனால் எதிரிலுள்ள டீ ஃபேக்டரியில் ஜெனரேட்டர் போடுவார்கள். டீசல் வாசம் பனியோடு சேர்ந்து ஜன்னல் வழியே வரும். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள் பிள்ளைகளே, நான் மட்டும் மூச்சை இழுத்து விடுகிறேன். எனக்கு அது கப்பல் வாசம்.

ஆமாம், மலைக்காரனான உங்கள் அப்பா கொஞ்ச காலம் கப்பலில் இருந்தவன்தான். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. கடத்தல் படகுகளைத் துரத்தச் சுங்கத்துறை வைத்திருந்த ரோந்துக் கப்பல் அது. முதல் மாதம் நான் துரத்தியதெல்லாம் வாந்தி வாளியைத்தான்.

துணை அதிகாரி சுந்தரம் சார், நம் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன்காரர். எங்கள் இருவரையும் மற்றவர்கள் ‘தேயிலை மூட்டைகள்’ என்பார்கள், நனையக் கூடாதாம். அந்தக் கப்பலுக்கே கேப்டனாக வேண்டும் என்பதுதான் சாருடைய ஒரே ஆசை.

இருந்த கேப்டன் ஓய்வு பெற்றார். கேப்டன் பரீட்சை எழுத இத்தனை நாள் கடலில் ஓடியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு; சாருக்கு அதில் கொஞ்சம் குறைந்தது. சான்றிதழ் பெற்ற கேப்டன் இல்லாமல் கப்பல் கிளம்பக் கூடாது என்பது விதி. வேறு கேப்டனைப் போடவும் அரசாங்கத்திடமிருந்து பணம் வரவில்லை. ஓடாத கப்பலுக்கு டீசல் எதற்கு என்று அதையும் குறைத்தார்கள்.

எஞ்சின் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை, கயிற்றை அவிழ்க்காமலே ஓட்டி நிறுத்துவோம். கப்பல் உறுமும், நடுங்கும், ஓரடி நகராது. அதையும் கடலில் ஓடிய நாளாக எழுதிக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்குச் சாரிடம் கெஞ்சினோம். அவர் மேல் அவ்வளவு பிரியம்.

“ஏனுங்க சார், எஞ்சின் ஓடுச்சுங்களா இல்லீங்களா? எழுதிப்போடுங்க, யாரு வந்து பார்க்கப் போறாங்க?” என்றேன்.

சார் சிரித்தார். “கட்டிப்போட்ட கப்பல்ல கடலக் கத்துக்கிட்டேன்னு எழுதச் சொல்றியா? நாளைக்குப் புயல்ல நீயுந்தானப்பா எங்கூட இருப்பே.”

நான் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கே திரும்பினேன்.

சம்பளமில்லாத விடுப்பில் சரக்குக் கப்பல் ஏறினார். குறைந்த நாட்களை அலையிலேயே கழித்து, பரீட்சையும் தேறி, தேய்த்த வெள்ளைச் சட்டையில் துறைமுகத்துக்கு வந்து நின்றார். அதற்குள் எங்கள் ரோந்துக் கப்பலை உடைப்பதற்கு இழுத்துப் போயிருந்தார்கள். அரசாங்கத்தை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நீளும் கைகள் எத்தனையோ.

“எப்பப்பா?” என்று மட்டும் கேட்டார்.

“போன வாரந்தானுங்க சார்.”

துறைமுகச் சுவரில் எங்கள் கப்பல் உரசி உரசி ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பெயிண்டைக் கையால் தடவிப் பார்த்தார். எங்களை ஆளுக்கொரு பக்கம் மாற்றினார்கள்; நான் வேலையை விட்டு மலையேறிவிட்டேன். பிறகு அந்தச் சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டார்களாம்.