தானாக இறங்கிய அப்டேட்

என் வீட்டுக்காரர் தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் உள்துணி தைப்பவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்ததுதான். அது போதாதா, மேதாவி ஆகிவிட!

மகளுக்கு ஐரோலியில் ஒரு கம்பெனி வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ இருந்தது. இதற்கு முந்தைய இன்டர்வியூவில், பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பழைய லேப்டாப் அப்டேட் ஆகிறேன் என்று அணைந்துபோனது. அது திரும்ப எழுந்து வருவதற்குள் அந்த வேலையும் போயிற்று. பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இவர் அதையே மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்திருக்கிறார். புது அப்டேட்டுகளைத் தானே தேடி இறக்கிக்கொள்ளும் ஒரு டூலைக் கண்டுபிடித்து, இன்டர்வியூ அன்று காலையில் லேப்டாப்பில் ஏற்றிவிட்டார்.

"இனிமே எல்லாம் அது பாட்டுக்குப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. மகளின் போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட். இன்டர்வியூவுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அவள் அலறினாள்.

"அம்மா, நெட் கதம்! இன்னைக்குள்ள டேட்டாவ பூரா அந்த அப்டேட்டே தின்னுட்டு!"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சும்மா கெடந்தத நோண்டச் சொல்லி ஒங்கள யாரு கேட்டா? பிள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியளே!" என்று கத்தினேன். அவர் முக்குக் கடைக்கு ஓடி ரீசார்ஜ் போட்டார். பணம் போயிற்று, நெட் வரவில்லை.

என் சத்தம் கேட்டு வந்த, நாங்கள் பாபி என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்திக்காரம்மா, "லே லோ" என்று தன் போனையே நீட்டினார். அதில் நெட் இருந்தது. ஆனால் அந்த சிம்முக்கு எங்கள் மாடி அறைக்குள் டவர் நிற்காது. வாசலில் நின்று, கூரைத் தகரத்துக்கு வெளியே கையை நீட்டி உயர்த்திப் பிடித்தால்தான் எடுக்கும். மகள் அந்த டூலை நிறுத்திவிட்டு லேப்டாப்பை அந்தப் போனோடு இணைத்தாள். இவர் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

உள்ளே மகள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். தடங்கல் இல்லாமல் பேசினாள். வெளியே இவருடைய கை நடுங்கத் தொடங்கியது.

"கொண்டாங்க, நான் பிடிக்கேன்" என்றேன் மெதுவாக.

"வேண்டாம். கை மாத்துனா கட்டாயிரும்."

பாவமாக இருந்தது. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

கடைசியில் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "எடுத்துட்டாங்கப்பா! திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க!"

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. துடைக்கப் பார்த்தார், மரத்துப்போன கை முகம்வரை எழும்பவில்லை. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.