சேற்றில் கிடந்த பி.காம்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெருக்கள். நாங்கள் கீழத்தெரு. வருஷமெல்லாம் மழைக்கு ஏங்கும் எங்கள் பூமியில் அந்த மாதம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஓடை உடைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மதினிக்குத் தெருவைப் பார்த்த சுவர் அப்படியே விழுந்தது. மதினி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். அண்ணன் திருப்பூரில் மூட்டை தூக்குகிறார். ஓட்டுக்கூரைக்கு ஒரு பனங்கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, மதினி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார்.

அந்தச் சுவரில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். பட்டம் வாங்கியதும் அப்பா பெயிண்டரைக் கூட்டி வந்தார். தெருவுக்கே நன்றாகத் தெரியும் சுவர் மதினி வீட்டு நீலச் சுவர்தான் என்று, அதில் என் பெயரையும் பக்கத்தில் 'பி.காம்.' என்றும் சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். மதினி தடுக்கவில்லை. அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் மேலத்தெருவோடு திரும்பிவிட்டார்கள். காரணம், சரள் கல் போட்ட ரோடு அதுவரைதான்; அதற்கப்புறம் வெறும் கரிசல். நனைந்த கரிசலில் பத்தடி நடப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டியிருக்கும். வண்டி இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். ஆகவே ஒழுகிய வீடுகளெல்லாம் பட்டியலில் ஏறின. எங்கள் தெருவில் இடிந்த வீடுகள் ஏறவில்லை.

நான் விடுவேனா? 'எமது தெருவானது' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் மனு எழுதி, தாலுகா ஆபீசில் கொடுத்தேன். எனக்கே திரும்பத் திரும்பப் படிக்க ஆசையாக இருந்தது. அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அன்றோடு பட்டியலை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்றும், கால் வைக்கிற மாதிரி பாதை மட்டும் இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

சரள் அடிக்க எங்களுக்கு ஏது வசதி? ஆனால் தெரு நெடுக இடிந்த சுவர் குவிந்து கிடந்தது. அதையெல்லாம் கூடையில் அள்ளிச் சேற்றில் பரப்பச் சொன்னேன். கீழத்தெருப் பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சுமந்தார்கள். அடுத்து, வருகிறவர் நம்மைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று எல்லா வாசலையும் பெருக்கிக் கோலம் போடச் சொன்னேன். மதினி வீட்டுத் திறப்பை மறைக்க மைக்செட்காரரிடம் பூப்போட்ட சாமியானாத் துணி வாங்கிவந்து கட்டினேன்.

"ஏட்டி பி.காமு, இடிஞ்சதப் பாக்க வாரவியளுக்கு எதுக்கு இந்தச் சோடிப்பு? பொண்ணு பாக்கவா வாராவ?"

"நீங்க சும்மா இரிங்க மதினி. ஆபீசர் வரும்போது ஒரு மரியாத வேண்டாமா?"

படித்த பிள்ளை சொல்கிறதே என்று மதினியும் நாலு வீட்டில் கேட்டு நல்லதாக ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார்.

அதிகாரி வந்தார். சேறு படாமல் வந்துசேர்ந்ததில் அவருக்கே ஆச்சரியம். டீயைக் குடித்துக்கொண்டே சாமியானாத் துணியைப் பார்த்தார்.

"வீட்ல ஏதும் விசேஷமா?"

நான் துணியை விலக்கினேன். உள்ளே மெழுகிய தரை, அடுக்கிய பாத்திரங்கள், பனங்கம்பு. சுவர் இருந்த இடத்தில் ஐந்து புள்ளிக் கோலம். மார்கழி என்பதால் நடுவில் பூசணிப்பூ வேறு.

"புதுசா எடுத்துக் கட்டுறதுக்கு நீங்களே சுவரப் பிரிச்ச மாதிரில்ல இருக்கு. மழையில விழுந்திருந்தா கல்லு மண்ணு கிடக்கணுமேம்மா? போட்டோ இருக்கா?"

தெருவுக்குக் கரண்ட் வந்து என் போனுக்கு உயிர் வருவதற்குள் சுவர் பாதையாகிவிட்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்து 'சேதம் இல்லை' என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனார். மூன்று பக்கம் எழுதிய நான், "ஐயா, மேற்படி சுவரானது..." என்று இழுத்தேன்.

மதினி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"சுவரா? நீங்க அது மேலதான சார் நடந்து வந்திய."

சொல்லிவிட்டு மண்வெட்டியோடு பாதைக்குப் போனார். அதிகாரி பின்னால் போனார், தெருவே போனது. இரண்டு வெட்டில் ஆணியோடு ஒரு நீலக் கட்டி வந்தது. அடுத்ததில் சிவப்பு எழுத்து. மதினி அதை முந்தானையால் துடைத்தார். என் பெயர் எங்கோ நொறுங்கிப் போயிருந்தது. 'பி.காம்.' மட்டும் புள்ளியோடு முழுசாக இருந்தது.

"இது என்னம்மா?"

"இந்தா நிக்காள்லா, இவ படிச்ச படிப்பு சார்."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. போனில் தேடி, பட்டமளிப்பு அங்கியோடு அந்தச் சுவருக்கு முன்னால் நான் நிற்கும் படத்தை எடுத்துக் காட்டினேன். அதே நீலம், அதே சிவப்பு. ஓரத்தில் வாசலுக்குள்ளிருந்து மதினி என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தி வக்கணை காட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி படத்தைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவை வேறு கட்டத்துக்கு மாற்றினார்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். பாதையில் குனிந்தபடியே திரும்பி நடந்து, "இது யார் வீடு?" என்று ஒவ்வொரு கட்டியாகக் கேட்டார். "அந்தப் பச்ச எங்களுது சார்", "மஞ்சக் காவி எங்க அடுப்படி" என்று பெண்கள் அடையாளம் சொல்லச் சொல்ல, ஏழு வீடு பட்டியலில் ஏறியது.

அவர் போனதும் அந்தக் கட்டியை வீட்டுக்குத் தூக்கப் போனேன்.

"அத எங்கட்டி தூக்கிட்டுப் போற? இங்கனயே போட்டு மிதி. இல்லேன்னா பள்ளம் விழுந்துரும்" என்றார் மதினி.

போட்டு மிதித்தேன்.

நிவாரணம் வந்து மதினிக்குப் புதுச் சுவர் எழும்பிவிட்டது. பாதைக்கு இன்னும் சரள் வரவில்லை. பக்கத்து ஊர்களில் யாராவது மனு எழுதக் கூப்பிட்டால், பேனாவை எடுப்பதற்கு முன், யாரும் எதையும் பெருக்கிவிடாதபடி விளக்குமாற்றை வாங்கி வைத்துக்கொள்கிறேன். உதவி எங்கள் தெருவுக்குள் வர நாங்கள் சுவரையே விரித்துப்போட வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனாலும் மழை நாளில் பஸ்ஸுக்குப் போகும்போது அந்த இடத்தில் என் கால் சற்று நிதானிக்கும். எல்லோரும் அண்ணாந்து பார்க்கட்டும் என்று அப்பா எழுத வைத்த பட்டம், காலடியில் கிடந்தல்லவா தெருவைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொள்வேன்.