அத்தானின் ஐந்து லத்தீன் பாட்டுகள்

அந்தச் சிடியின் பிளாஸ்டிக் உறையை அத்தான் இரண்டு விரல் நுனியால் மட்டுந்தான் பிடிப்பார். முந்நூறு வருடங்களுக்கு முன், பரோக் காலத்தில், இத்தாலியில் ஏதோவொரு தேவாலயத்துக்காக எழுதப்பட்ட ஐந்து பாட்டுகள் அதில் இருந்தன. ஒரு பெண்குரல், இரண்டு வயலின், ஒரு சின்ன ஆர்கன், புரியாத லத்தீன். தொண்ணூறுகளில், நாங்கள் குடியேறிய வெள்ளைக்கார நாட்டில், பக்குரங்காவில் இருந்த அவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போன யாழ்ப்பாணத்து ஆட்கள் அந்த ஐந்தையும் கேட்டுவிட்டுத்தான் எழும்ப வேண்டும். "கதையாதேங்கோ. இதெல்லாம் கேட்டுப் பழகவேணும்" என்பார். கண்ணை மூடித் தொடையில் தாளம் வேறு போடுவார். அந்தத் தாளம் பாட்டோடு ஒருநாளும் சேர்ந்ததில்லை.

பாட்டுகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரல் ஏறி, உருண்டு, இறங்கி வரும்போது எனக்கே மயிர் கூச்செறியும். அந்த வீட்டில் அதை உண்மையில் கேட்டவள் என் அக்கா. ஊரில் எட்டு வருடம் சங்கீதம் படித்தவள். கோப்பை கழுவும்போது மூன்றாவது பாட்டை ஒரு பிசகில்லாமல் முணுமுணுப்பாள். உடனே சோபாவிலிருந்து சத்தம் வரும்: "இஞ்சேரும், உம்மட தேவார இழுவையை இதுக்குள்ள கொண்டுவராதையும்!" சுருதி என்றால் என்னவென்றே தெரியாத மனிசன் சொல்கிறார்! வெள்ளைக்காரன் ஒருவன் தன் ரசனையைப் பாராட்டிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு வேண்டாம். எனக்கு அவரைப் பார்க்கவே எரியும்.

அம்மா அதே நகரத்தின் மறுகோடியில், பிளாக்ஹவுஸ் பேயில், என் வீட்டில்தான் இறந்தார். படுக்கையில் கிடந்தபோது அக்காவின் கையைப் பிடித்து, "என்ர சுண்ணப்பாட்டை நீதான் பாடவேணும் பிள்ளை" என்று கேட்டார். எங்கள் சைவச் செத்தவீடுகளில் உரலில் மஞ்சள் இடித்துப் பாடுகிற பாட்டு அது. பாடாமல் பிரேதத்தை எடுப்பதில்லை. "ஓம் அம்மா" என்றாள் அக்கா.

தகனமண்டபத்தில் எங்களுக்குத் தந்தது முக்கால் மணித்தியாலம். சின்ன உரலையும் உலக்கையையும் துவாயில் சுற்றி அக்கா மடியில் வைத்திருந்தாள். ஐயர் கிரியையை முடித்ததும் அத்தான் எழும்பினார். அலுவலகத்து வெள்ளைக்காரர் நாலு பேர் முன்வரிசையில் இருந்தார்களே, விடுவாரா? மாமிக்குத் தன் அஞ்சலி என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுச் சிடியைப் போட்டார். நாலாவது பாட்டு, உள்ளதிலேயே நீளமானது. அது முடிந்து ஐந்தாவதும் தொடங்கிற்று. அக்கா எழுந்து நின்றாள். அத்தான் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் இருந்துவிட்டாள். மண்டபத்துக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் முடிந்து, சுண்ணம் பாடாமலே அம்மாவின் பெட்டிக்கு முன் திரை மூடியது. நானும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தேன், அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

பிறகொருநாள் சிடி உறைக்குள்ளிருந்த சிறு புத்தகத்தை எடுத்து வாசித்தேன். நாலாவது பாட்டு, தொழுவத்தில் பிறந்த குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. வருடக்கணக்காக ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அந்த ஆங்கில விளக்கத்தை ஒருதரம்கூடப் புரட்டவில்லை. செத்தவீட்டில் தாலாட்டு! த்தூ.

போன வருடம் அத்தான் போய்ச் சேர்ந்தார். அதே மண்டபம். "டாட்ஸ் ஃபேவரிட், மம்" என்று மகன் சிடியை நீட்டினான். அக்கா அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். உரலை நிலத்தில் வைத்தாள். எழுபதைத் தாண்டிய குரல், மேலே போகும்போது உடைந்தது. ஆனாலும் சுண்ணத்தின் இருபது பாட்டையும் ஒன்று விடாமல் பாடினாள். அம்மாவுக்குக் கிடைக்காதது இந்த ஆளுக்கா? காரில் ஏறியதும் கேட்டேவிட்டேன்: "அவருக்கெல்லாம் ஏனக்கா பாடினனீ?"

அக்கா சீட் பெல்டை இழுத்து மாட்டினாள்.

"அவருக்கு ஆர் பாடினது? நான் அம்மாவுக்கெல்லே பாடினனான். இந்த மனிசன் இண்டைக்குத்தான் பேசாமல் கிடந்தது."