என் கார் யார் ஜெபத்துக்குத் திரும்பி வந்தது?

விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளான உங்களுக்கு ஒரு பழைய சாட்சியைத் திருத்திச் சொல்ல வந்திருக்கிறேன்.

1966ஆம் வருடம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. திருவள்ளூரில் எங்கள் ஆலய வாசலில் நிறுத்தியிருந்த என் கார் திருட்டுப் போனது. ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் டயர் தடம் இருந்தது. இன்ஜினிலிருந்து சொட்டிய எண்ணெய் மண்ணில் ஈரமாக இருந்தது. கார் இல்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். என் மனைவி எஸ்தருக்குக் கடம்பத்தூரில் பங்காக வந்த நிலத்தை விற்றுப் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி, அவள் பெயரில் டாக்ஸியாக விட்டிருந்தோம். மற்ற நாட்களில் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். ஞாயிறன்று மட்டும் நானே ஓட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போவேன். நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசைதான்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தபோது, "திருட்டுக்கும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். "கர்த்தர் காப்பார்" என்றேன். சட்டத்துக்குத் தேவையான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தேன். கார் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குப் பணம் கிடைக்கும். கார் தொலைந்தால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. ஏஜென்ட் போனபின் எஸ்தர், "கர்த்தர் காப்பார்னா பெட்டிக்கு ஏன் பூட்டு போடுறீங்க?" என்று கேட்டாள். நான் விசுவாசம் என்று சொன்னது வெறும் கஞ்சத்தனம் என்று அவளுக்குத் தெரியும்.

கார் போன அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பா கொடுத்த நிலம் அது. நான் முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. கணக்குத்தான் வந்தது.

காரின் பூட்டு உடைபடவில்லை. கண்ணாடி உடைபடவில்லை. சாவி இரண்டு. ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. மற்றது டிரைவர் ஞானமுத்துவிடம் இருந்தது. ஞானமுத்து செவ்வாப்பேட்டைக்காரர். எங்கள் சபையைச் சேர்ந்தவர். அன்று அவர் இரண்டாம் பாட்டு முடிந்தபிறகுதான் உள்ளே வந்தார், வியர்வையோடு. ஏன் தாமதம் என்று மறுநாள் கேட்டேன்.

"ரயிலு லேட்டு சார்."

ஸ்டேஷனில் போய் விசாரித்தேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

போலீஸில் புகார் கொடுத்தபோது ஞானமுத்துவின் பெயரை நான் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, உரத்த குரலில் ஜெபித்தேன். "ஆண்டவரே, சகோதரன் ஞானமுத்துவின் இருதயத்தோடு பேசும். மறைத்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கிற மனதை அவருக்குத் தாரும்." அறை முழுவதும் "ஆமென்" என்றது. ஞானமுத்து என்னிடமிருந்து மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

போலீஸில் சொல்லியிருந்தால் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். அவருக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கண்ணைத் திறந்து, "இல்லை சார்" என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாரமே டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. டீக்கடையில் ஒருவன், "இன்னா ஞானமுத்து, அம்பாசடரை எந்த ஊர்ல நிறுத்திகினு கீற?" என்று கேட்டானாம். இன்னொருவன், "பெட்ரோலுக்கு டப்பு கீதா, நாங்க போட்டுத் தரவா?" என்றானாம். டிரைவருக்குப் பெயர் போனால் கையில் லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. ஆனாலும் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சழுத்தம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, போதகர் ஐயா, "யாராவது ஒருவர் ஜெபியுங்கள்" என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஞானமுத்து ஆரம்பித்தார். அந்த வார்த்தைகள் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

"நைனா, இங்க எல்லாரும் கண்ண மூடிகினு கீறாங்கோ. நீ ஒர்த்தன்தான் தொறந்துகினு கீற. அன்னிக்கி ரயிலு கரெக்ட்டாத்தான் வந்துச்சி. நான்தான் பொய் சொன்னேன். பசி தாங்கல நைனா. ஸ்டேஷனுக்குப் பின்னால போயி நாஷ்டா துன்னேன். இட்லி, வடகறி. வாயத் தொடச்சிகினு வந்து உன் பந்தியில கை நீட்டினேன்."

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள். அந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. எங்கள் சபையில் வெறும் வயிற்றோடுதான் திருவிருந்து வாங்குவார்கள். ஞானமுத்துவின் மாமனார் பல வருடம் உபதேசியாராக இருந்தவர். அன்று அதே அறையில் உட்கார்ந்திருந்தார். இட்லி தின்றுவிட்டு அப்பம் வாங்கினேன் என்று அவர் எதிரில் சொல்வதைவிடத் திருடன் என்ற பேச்சைக் கேட்பது ஞானமுத்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"அது தப்பு. அதுக்கு இன்னா தண்டன குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா வண்டிய நான் எடுக்கல. சாரு பெரிய படிப்பு படிச்சவரு. அவரு சொன்னத எல்லாரும் நம்பிட்டாங்கோ. என்னிய நம்ப நீதான் கீற. அந்த வண்டி எங்க கீதோ கொண்டாந்து நிறுத்து நைனா. வண்டி எனக்கு வாணாம். என் பேரு வேணும்."

அவர் முடித்தபின் ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாமனார் தலை குனிந்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆமென் மெதுவாகக் கேட்டது. அது எஸ்தரின் குரல்.

மறுநாள் மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். "சார், உங்க வண்டி ஆந்திர எல்லைகிட்ட, ஆரம்பாக்கம் பக்கத்துல நிக்குது" என்றார்.

அந்த வருடங்களில் ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்தது. இங்கே ரேஷன் கடையில் வரிசை நீண்டுகொண்டே போகும். எல்லைக்கு அப்பால் அரிசி தாராளமாகக் கிடைக்கும். கடத்துகிறவர்கள் காரைத் திருடி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டைகளை அடுக்குவார்கள். என் காரிலும் அப்படித்தான் அடுக்கியிருந்தார்கள். பாரம் தாங்காமல் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை முறிந்து, கார் சாலையோரம் சாய்ந்து நின்றது. ஓட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். அன்றே அங்கே போய், பட்டை எப்போது முறிந்தது என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். எங்கள் கூட்டம் நடந்ததும் அந்தச் சாயங்காலம்தான்.

அங்கிருந்த சப் இன்ஸ்பெக்டர் வேடிக்கையான மனிதர். "வாத்தியாரே, அரிசி உங்களுதா? ஆமாம்னா எனக்கும் ரெண்டு படி குடுங்க" என்றார். நான் பதறிப்போய் என் சாவியைக் காட்டினேன். சாவி இல்லாமல் எப்படி எடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் தம் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அவர் வீட்டு பீரோ சாவி. அதைக் கதவில் போட்டார், திறந்தது. பிறகு சுவிட்சில் போட்டுத் திருப்பினார். இன்ஜின் உறுமியது.

"பழைய வண்டி சார். தேஞ்சுபோன பூட்டு. எந்தச் சாவியும் போகும்."

இரண்டு சாவி என்று நான் போட்ட கணக்கு அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சாட்சி சொன்னேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்றேன். இன்ஷூரன்ஸ் இல்லாத எனக்கு அவரே இன்ஷூரன்ஸ் என்றேன். எதிரியின் கையிலிருந்து என் உடைமையை மீட்டார் என்றேன். எதிரி என்று சொன்னபோது சில தலைகள் ஞானமுத்துவின் பக்கம் திரும்பின. நான் அதைப் பார்த்தேன். பேச்சை நிறுத்தவில்லை. பீரோ சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டை மாற்றிக் கார் ஓடத் தொடங்கியதும் ஞானமுத்துவைக் கூப்பிட்டேன். மறுபடியும் வண்டி எடுங்கள் என்றேன்.

"உங்க வண்டி வந்துட்ச்சி சார். என் பேரு இன்னும் வரல" என்றார். அதோடு செவ்வாப்பேட்டையை விட்டே போய்விட்டார்.

பிறகு பல சபைகளில் அந்தச் சாட்சியைச் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கேட்டது ஞானமுத்துவின் மனமாற்றம். அது நடக்கவில்லை, நடக்க வேண்டியதும் இல்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்டவர் அவர். அது அப்படியே நடந்தது. அப்படியானால் கேட்கப்பட்டது யாருடைய ஜெபம்? பாரம் ஏறினால் பட்டை என்றைக்காவது முறியும் என்று கணக்கு வாத்தியாரின் மனம் சொல்லும். ஏன் அந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டால் அந்த மனதிடம் பதில் இல்லை. என் வாயில் சாட்சியையும் ஞானமுத்துவின் கையில் உண்மையையும் கொடுத்துவிட்டு ஆண்டவர் ஏன் அத்தனை வருடம் பொறுத்திருந்தார்? இதை இன்றும் யோசிக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு தொழிற்சாலையில் ஞானமுத்து லாரி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். ரயிலேறிப் போனேன். லாரி ஷெட்டில் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா சார், இம்மாந்தூரம்? மறுபடியும் இன்னா காணாம பூட்ச்சி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். "ஞானமுத்து, நான் தப்பு செய்தேன். தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் சார். நைனாவுக்கும் தெரியும். எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? தெரியாதவங்கிட்ட போய்ச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அடுத்த ஞாயிறே ஆலயத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் நான் ஜெபித்த அந்த வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவர்களில் சிலரே அங்கே இருந்தார்கள். மற்றவர்களை வீடு வீடாகத் தேடிப் போனேன். கடம்பத்தூரில் ஒரு அம்மா என்னை உட்காரவைத்து, "நீங்க சொன்னதுக்குத்தானே ஐயா நான் ஆமென் போட்டேன்? அதை இப்ப எப்படித் திருப்பி வாங்கறது?" என்று கேட்டார். ஞானமுத்துவின் மாமனார் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். மருமகனைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாரோ, எனக்குத் தெரியாது. அந்தப் பாரம் என்னை விட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை.

ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை. வண்டியைத் திரும்பக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கும் கால்களையும் கொடுத்தார். அதற்காக அவரை ஸ்தோத்திரிக்கிறேன். அதன்பின் வைத்திருந்த ஒவ்வொரு வண்டிக்கும் திருட்டையும் சேர்த்து முழு இன்ஷூரன்ஸ் எடுத்தேன். அதில் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கூட்டத்தில் ஜெபிக்கும்போது, யாருடைய பெயரைச் சொல்ல வாயெடுத்தாலும், முதலில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில், நீங்கள் சொல்வதை நம்ப ஊரில் ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், ஞானமுத்து போன அதே ஆண்டவரிடம் போங்கள். தவறு உங்கள் பக்கம் கொஞ்சம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்கிறார். நான் கண்ணால் கண்டேன்.

அன்று அந்த அறையில் ஆமென் சொன்னவர்களில் சிலரை என்னால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் கையில் இது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் கண் தெரியாத பெரியவர்கள் இருந்தால், தயவுசெய்து அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். செவ்வாப்பேட்டை டிரைவர் ஞானமுத்து அந்தக் காரைத் திருடவில்லை.