ஏற்கப்படாத இரண்டாவது பதிவு

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரவுத்தளத்தை நான் பார்த்துக்கொண்ட காலம். வரவேற்பில் ஒரே நோயாளியை இரண்டு முறை பதிந்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு விதி போட்டேன்: பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது பதிவை ஏற்காதே. புகார்கள் நின்றன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பிறந்த உடனே இங்கே யாரும் குழந்தைக்குப் பெயர் வைப்பதில்லை. அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'குழந்தை' என்று சேர்ப்பார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா கைக்குழந்தையோடு என்னிடம் வந்தார்.

"எனக்கு ரெட்டைப் பொண்ணும்மா. ஒண்ணு அன்னிக்கே போயிட்சி. அது பொறந்துச்சுன்னு ஒரு சீட்டு கேட்டா, கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் கீதுன்றாங்க. நான் இன்னா, பொய்யா சொல்றேன்?"

பிழைப் பதிவுகளைத் திறந்தேன். குழந்தைகள் பிறந்த தேதியில் ஒரே வரி இருந்தது: ஏற்கெனவே உள்ளது, நிராகரிக்கப்பட்டது.

விதியை நீக்கினேன். எத்தனையாவது குழந்தை என்று ஒரு கட்டமும், குழந்தைக்கு வைத்த பெயருக்கு ஒரு கட்டமும் சேர்த்தேன். பிரசவ அறை நோட்டைப் பார்த்து நேரத்தையும் எடையையும் நிரப்பினேன். பத்து நிமிட வேலைதான். அந்த விதி என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை.

சரிபார்க்க அச்செடுத்த தாளை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"பேரு எழுதலியாம்மா?"

"என்ன பேருக்கா வெச்சீங்க?"

"வெக்கறதுக்குள்ளதான் போயிட்சே."

மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டுச் சேமித்தேன்.