போடாமல் போன ஊசி

மண்டூரில் கலாஜினியின் வாய்க்கு முன்னால் நின்று தப்பியவர் யாருமில்லை. சங்கக் கூட்டத்தில் தலைவரையே எழும்பி நின்று கேள்வி கேட்டவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு விசயத்தை மட்டும் மூன்று வருசமாகப் புருசனிடம் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள் என்றால் நம்புவீர்களா?

புருசன் நிரோசன் வீடு கட்டும் மேசன். மாரி மழைக்கு முன் ஓடு மாற்றுகிறேன் என்று சொந்த வீட்டுக் கூரையில் ஏறி, காலை எட்டு மணிக்கு மல்லாக்க விழுந்தான். ஓடிவந்த சனம் செய்ததெல்லாம் பிழை. தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்கினார்கள். "கால் விறைச்சிரிக்கு, கொஞ்சத்துல சரிவரும்" என்று அவனும் சொன்னான். எண்ணெய் போட்டு நீவினால் போதும் என்று கலாஜினி பகல் முழுக்க முதுகையும் காலையும் நீவினாள். பின்னேரம் சிறுநீர் போகாமல் அவன் வயிறு வீங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி, வாவியைக் கடக்கும் 'பாதை' என்கிற இயந்திர மிதவையில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மாலை ஏழு மணி. முள்ளந்தண்டு உடைந்து, உள்ளே ஓடும் நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே அவனுக்கு இனி உணர்வுமில்லை, அசைவுமில்லை.

அதையாவது தாங்கியிருப்பாள். வார்ட்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணை நின்ற ஒருத்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், "எட்டு மணித்தியாலத்துக்குள்ள கொண்டந்தா நரம்பக் காப்பாத்த ஒரு ஊசி இரிக்கி" என்றாள். எட்டு! கலாஜினி கொண்டுபோனது பதினொரு மணித்தியாலம் கழித்து. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டும்போதும், படுக்கைப்புண் வராமல் புரட்டும்போதும் பிந்திப்போன அந்த மூன்று மணித்தியாலத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். தெரிந்தால் இந்த மனுசன் என் முகத்தில் முழிப்பானா?

போன மாதக் கிளினிக்கில், நிரோசனை வெளியே வீல்செயாரில் விட்டுவிட்டு, டொக்டர் ஸாதியாவிடம் கேட்டே விட்டாள்.

ஸாதியா பேனையை வைத்தார். "அந்த ஊசி ஒரு காலத்துல நிறையப் போட்டதுதான். மறுகா ஆராஞ்சு பாக்கக்குள்ள நன்மை இரிக்கா எண்டே சந்தேகம். அதப் போட்டா கிருமி தொத்தும், வயித்துக்குள்ள ரத்தம் கசியும். இப்ப கனபேர் போடுறல்ல. நரம்பக் காப்பாத்தும் எண்டு உறுதியாச் சொல்ல ஒரு மருந்தும் இன்னும் இல்ல. தேடிக்கொண்டுதான் இரிக்காங்க."

"அப்ப என்னில பிழையில்லையா டொக்டர்?"

ஸாதியா பொய் சொல்லவில்லை. "அசைக்காம, பலகையில கிடத்தி உடனே கொண்டந்திரிக்கணும். ஆனா விழுந்த நேரமே எல்லாம் போயிருக்கவும் கூடும். அத இனி ஆராலயும் சொல்லேலா அக்கா."

நெஞ்சில் இருந்த பாரம் பாதிதான் இறங்கியது. மிச்சத்தைச் சுமக்க ஏலாமல், திரும்பும் வழியில், பாதை நடு வாவியில் போகும்போது, எல்லாவற்றையும் புருசனிடம் கொட்டினாள்.

நிரோசன் தண்ணீரைப் பார்த்தபடி, "விழுந்த நேரமே கால் போயிட்டுகா" என்றான் மெதுவாக. "நீவக்குள்ள, என்ட கை படுறது தெரியுதா, தெரியுதா எண்டு கேட்டாய். ஓம், ஓம் எண்டன். ஒண்டுமே தெரியல்ல. நீ பயந்திருவாய் எண்டு சொன்ன பொய். அதாலதான் பிந்தினது எண்டு நானும் மூணு வருசமா..."

"அட பாவி மனுசா!" என்று பாதையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தி, அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள் கலாஜினி.

"நோகுதுகா" என்றான் அவன், அழுதுகொண்டே.